முன் சீட்டு வழக்கு

நியாயம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று என்னைக் கேட்டால், இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டு செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விடுகிறது என்பேன்.

நான் ரயில் எஞ்சின் ஓட்டியவன். ஓய்வு பெறும் வரையில் நான் இழுத்த பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் பூமியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மிச்சத்தை நிலாவுக்கு ஏணியாகச் சாத்தலாம். அப்படிப்பட்டவனை, ஒரு நாலு சக்கர டப்பாவின் முன் சீட்டில் உட்காரத் தகுதியில்லாதவன் என்று தீர்ப்பு எழுதினார்கள். தீர்ப்பு சொன்னது என் மனைவி. ஃபோனில் சாட்சி சொன்னது என் மகள். பலன் அடைந்தது யார் என்றால், என் மனைவியின் தம்பி, மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என் மைத்துனன். ஊர் கண்ணையெல்லாம் சோதிப்பவன். தன் கண்ணில் வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா என்று மட்டும் ஒரு நாளும் சோதித்துப் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். என் மனைவி அறுபது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் தேர்விலேயே தேறினாள். தேறிய கையோடு, "கடலோரமாவே போகணும். கடற்கரை, தீவு, மழைக்காடு, எல்லாம். நான்தான் ஓட்டுவேன்" என்று அறிவித்தாள். எங்கள் ஊரிலிருந்து கிளம்பும் கடலோரச் சாலை, வெள்ளை மணல் கடற்கரைகளை ஒட்டியே நெளிந்து நெளிந்து போய், ஒரு படகுத் துறையில் நிற்கும். அங்கே காரோடு படகில் ஏறித் தீவுக்குப் போகலாம். தீவின் அந்தப் பக்கம் இன்னொரு படகு. அது கொண்டுபோய் விடுவது மழைக்காட்டின் காலடியில். ஊரில் பாதிப் பேர் போய்வந்து படம் காட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனதில்லை.

நீங்கள் ஏன் ஓட்டவில்லை என்று கேட்பீர்கள். நானும் கற்றுக்கொள்ளப் போனேன். ஆனால் சாலை போட்டவர்களுக்குப் பொறுப்பு வேண்டாமா? தண்டவாளம் என்றால் அது வளைகிற இடத்தில் வண்டியையும் வளைத்துக் கொடுக்கும். அதுதான் மரியாதை. இந்தச் சாலை இருக்கிறதே, தான் மட்டும் வளைந்துகொண்டு போய்விடுகிறது. வண்டியை நாம்தான் திருப்ப வேண்டுமாம்! நான் வேகத்தை அளவாக வைத்துக்கொண்டு, சிக்னலைப் பார்த்துக்கொண்டு, கடமை தவறாமல் நேராகப் போனேன். பயிற்சிப் பள்ளியின் பெயர்ப்பலகை குறுக்கே நின்றது. அதன் பிறகு அந்த ஆசிரியர் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். போகட்டும். எனக்கும் அவருக்கும் பேச ஒன்றுமில்லை.

பயணத் திட்டம் போடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. நல்ல வேலையை யார் கொடுக்கிறார்கள்? சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்கத் தாள் ஒட்டி, ரயில் கட்டுப்பாட்டு அறையில் போடுவார்களே அதே மாதிரி, குறுக்கே நேரம், நெடுக்கே தூரம், நடுவே சாய்ந்து சாய்ந்து ஓடும் கோடு என்று வரைந்தேன். எங்கே வண்டி நிற்கும், எங்கே வேகம் குறையும், எங்கே எதிர் வண்டிக்காக ஒதுங்கும், எல்லாம் அதில் இருந்தது. அதைப் பார்த்து மனம் நெகிழாதவன் மனிதனே இல்லை.

மைத்துனன் வந்தான். டீயை உறிஞ்சிக்கொண்டு நிதானமாகப் பார்த்தான்.

"என்ன அத்தான் இது? யாருக்காவது நெஞ்சு வலியா? இதயத்துடிப்பு எடுத்து மாட்டியிருக்கீங்க?"

"மாப்ளே, இது ஓட்ட வரைபடம். உனக்குப் புரியாது. உன் தொழில்ல பெரிய எழுத்துலேர்ந்து சின்ன எழுத்து வரைக்கும் வாசிச்சா போதும்."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து வரைபடத்தைப் பார்த்தாள்.

"மழைக்காட்டுக்குள்ள எதுக்கு நாலு இடத்துல நிக்கிறோம்?"

"எதிர் வண்டி வரும். ஒத்தைப் பாதை. நாம ஒதுங்கி நின்னு வழி விடணும்."

"எந்த வண்டி எப்ப வரும்னு உங்களுக்கு யாருங்க சொன்னா?"

"வராமலா போகும்?"

"சரி, முதல் கடற்கரையில எவ்வளவு நேரம் நிக்கிறோம்?"

"தண்ணி பிடிக்கிற நேரம்."

"கடல்லயா?"

"குடிதண்ணி. அந்த நேரத்துக்குள்ள நீ கால் நனைச்சுக்கலாம். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல."

அவள் ஒரு பென்சிலை எடுத்து, நான் நிற்கச் சொன்ன இடங்களையெல்லாம் அடித்துவிட்டு, கடற்கரைகளுக்கு நேராகப் பெரிய பெரிய வட்டமாகப் போட்டாள். ஒவ்வொரு வட்டமும் அப்பளம் அளவு. எந்தக் கட்டுப்பாட்டு அறையில் இப்படி ஒரு அக்கிரமம் நடக்கும்? ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். படகில் காரை ஏற்றுவதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு வண்டி இன்னொரு வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்து பயணம் செய்வது கேவலம் என்பது என் கருத்து. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் அந்த இடி விழுந்தது.

"தம்பி, நீ முன்னாடி உட்கார்ந்துக்கோடா" என்றாள். "அவர் பின்னாடி வரட்டும்."

மைத்துனனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பால் பாத்திரத்துக்கு மூடி போட மறந்த வீட்டில் பூனை நுழைந்த மாதிரி.

"நான் கேட்கலை அக்கா. நீயா சொல்றே. ஆனா எனக்குப் பின்னாடி உட்கார்ந்தா குமட்டும், உனக்குத்தான் தெரியுமே."

குமட்டல்! அந்த ஒரு வார்த்தையை வைத்து அவன் வாழ்நாள் முழுக்க முன் சீட்டில் சவாரி செய்திருக்கிறான். சிறு வயதில் அவன் அப்பாவின் காரில் முன் சீட்டு. பள்ளிப் பேருந்தில் முன் சீட்டு. அவ்வளவு ஏன், என் கல்யாணக் காரிலேயே முன் சீட்டு அவனுக்குத்தான். மாப்பிள்ளையான நான் பின்னால் மூன்று அத்தைகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு, மாலையில் பாதியைச் சீட்டுக்கும் பாதியைக் கதவுக்கும் கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்பே பாதி உயிர் போய் மண்டபத்தில் இறங்கினேன். எங்களுக்குக் கல்யாணமாகி இந்த முப்பத்தெட்டு வருடத்தில் அவன் ஒரு தடவையாவது வாந்தி எடுத்து யாராவது பார்த்ததுண்டா? ஒரு துளி? மிரட்டல்தான். வெறும் மிரட்டல்!

"என் மேல என்ன குற்றம்?" என்று கேட்டேன். "குற்றவாளிக்கும் குற்றப்பத்திரிகை கொடுப்பாங்க."

"நீங்க கத்தறீங்க" என்றாள் மனைவி.

கத்தவில்லை. கடமையைச் செய்கிறேன். விளக்குகிறேன். எஞ்சினில் இரண்டு பேர் இருப்போம். சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்து, அதையே உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். "பச்சை!" "பச்சை!" இரண்டு கண்கள் ஏமாறலாம், நாலு கண்கள் ஏமாறாது. இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் லட்சக்கணக்கான ஜனங்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தேன். அவள் லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து காரிலும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே செய்தேன். என் குரல் கொஞ்சம் கனம்தான். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. நான் "சிவப்பு!" என்றால் அடுத்த தெருவில் போகிறவனும் ஒரு காலைத் தூக்கியபடி நிற்பான்.

"கார்ல மட்டுமா?" என்றாள் தம்பியிடம். "தூக்கத்துலயும்தான். 'பச்சை'ன்னு கத்துவார். நான் புரண்டு படுத்துப் பதிலுக்கு 'பச்சை'ன்னு சொன்னாதான் குறட்டை மறுபடி கிளம்பும். சொல்லலைன்னா எழுந்து உட்கார்ந்து, என் தோளைப் பிடிச்சு பிரேக் போடுவார்."

"ஐயோ, மழைக்காட்டுல போனா?" என்றான் மைத்துனன். "இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் பச்சை, மேலயும் பச்சை. அத்தான் மூச்சு விடாம கத்திக் கத்தியே போய்ச் சேர்ந்துடுவார் அக்கா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மகளுக்கு ஃபோன் போட்டேன். பெற்ற மகள் அல்லவா?

"அப்பா, நீங்க பின்னாடி உட்காருங்கப்பா. அம்மா பாவம்."

"நான் பாவமில்லையா?"

"மாமாவுக்குக் குமட்டும்ப்பா."

பாருங்கள், அந்தக் குமட்டல் பொய் குடும்பம் முழுக்கப் புரையோடிப் போயிருக்கிறது.

எனக்கு முன் சீட்டின் மேல் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நினைப்பீர்கள். நான் உலகத்தை எதிரே பார்த்தே பழகியவன். மரமும் பாலமும் ஊரும் என்னைப் பார்த்து வரும், எனக்காக இரண்டாகப் பிரிந்து வழிவிடும். பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் எல்லாம் பின்னால் ஓடுகிறது. நான் பார்ப்பதற்குள் ஓடிவிடுகிறது. கடல் எதிரே விரிந்து வருவதை ஒரு தடவை பார்க்க ஆசைப்பட்டேன். அது தப்பா? இதையும் சொன்னேன். நல்லவிதமாகவே சொன்னேன். அதற்கு என் மனைவி சொன்ன பதில்தான் பதில்.

"ஊர் ஜனத்தையெல்லாம் கடலுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினீங்க. என்னை?"

"ஏன், நீயும்தான் வந்தே. பாஸ் எடுத்துக் கொடுத்தேனே."

"ஆமா. நீங்க எஞ்சின்ல. நான் பதினெட்டாவது பெட்டியில, கழிப்பறைக்குப் பக்கத்து சீட்டுல. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஆயிரம் பேர். இப்ப நான் முன்னாடி. நீங்க பின்னாடி."

பதில் சொல்ல முடியாதபடி பேசுவதும் ஒருவகை அநியாயம்தானே?

ஆனாலும் விடவில்லை. இரண்டு வேளை சாப்பிட மறுத்தேன். அவள் தட்டே வைக்கவில்லை என்பதால் அது யாருக்கும் தெரியவில்லை. வரைபடத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு வீடே அதிரும்படி பெருமூச்சு விட்டேன். மேல் வீட்டுக்காரர் வந்து குழாயில் காற்று அடைத்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். கடைசியில் அவளே இறங்கி வந்தாள்.

"சரி. ஞாயிற்றுக்கிழமை கலங்கரை விளக்கம் வரைக்கும் போய்ட்டு வரலாம். சோதனை ஓட்டம்னு வச்சுக்கோங்க. வழியில யார் வாயைத் திறக்காம வர்றாங்களோ, அவங்களுக்குத்தான் பயணத்துக்கு முன் சீட்டு. யார் முதல்ல பேசறாங்களோ அவங்க பின்னாடி. தம்பி, உனக்கும் சேர்த்துத்தான்."

"அதுவரைக்கும் முன்னாடி யாரு?" என்றான் அவன்.

"நீதான். குமட்டுமே."

அங்கேயும் பாருங்கள்! பந்தயம் தொடங்கும் முன்பே பரிசு எதிராளியின் மடியில்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நான் பின் சீட்டில், மைத்துனனின் தலைக்கு நேர் பின்னால். அவன் தலைமயிரில் தடவியிருந்த எண்ணெயின் வாசனையோடு ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போக முடியும்? பின்னால் இருக்கிற எனக்குத்தான் குமட்டியது, ஆனால் குமட்டல்காரன் என்று பேர் முன்னால் உட்கார்ந்தவனுக்கு! உதட்டை உதட்டின் மேல் வைத்துப் பூட்டிக்கொண்டேன். எங்கள் தெருவைத் தாண்டுவதற்குள்ளேயே மூன்று ஆபத்துகளைப் பார்த்தேன். ஒரு சைக்கிள், ஒரு நாய், குறுக்கே கட்டிய துணிக்கொடி. மூன்றையும் விழுங்கினேன். நாக்கு உள்ளே பாம்பு மாதிரிப் புரண்டது. மைத்துனன் திரும்பித் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தான். புன்னகைக்கு வாயைத் திறக்க வேண்டியதில்லையாம். நானும் பதிலுக்குப் பல்லைக் காட்டினேன்.

கடைத்தெரு சந்திப்பில் முதல் சிக்னல். சிவப்பு. வண்டி நின்றது. பச்சை விழுந்தது.

"பச்சை" என்றாள் என் மனைவி, தன்பாட்டுக்கு.

வண்டி நகரவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மைத்துனன் அவளைப் பார்த்தான். சாலையைக் காட்டினான், கையை ஆட்டினான், புருவத்தைத் தூக்கினான். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் திடுக்கிட்டுக் காலை எடுத்தாள், வண்டி ஒரு குதி குதித்து அணைந்து போனது. மறுபடி சாவியைத் திருகுவதற்குள் சிவப்பு வந்துவிட்டது. அடுத்த பச்சையில் எப்படியோ தாண்டினோம். அவள் முகம் இறுகியது. கண்ணாடியில் ஒரு தரம் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுதானே கேட்டாய், தாயே?

ஊர் எல்லையில் ரயில்வே கேட். நாங்கள் போவதற்கும் கேட் விழுவதற்கும் சரியாக இருந்தது. முதல் வண்டி எங்களுடையது. பின்னால் லாரியும் பஸ்ஸும் ஸ்கூட்டரும் அனுமார் வால் மாதிரி நீண்டன. ரயில் வந்தது. நான் ஓட்டிய அதே தடம்! தடதடவென்று முகத்துக்கு எதிரே போனது. போகிற எஞ்சினைப் பார்த்துக் கையசைக்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன் என்றால் என் மன உறுதியை அளந்துகொள்ளுங்கள். முனிவர்கள் காட்டுக்குப் போய்ச் செய்ததை நான் பின் சீட்டில் செய்தேன்.

கேட் உயர்ந்தது. பக்கத்துக் கம்பத்தில் சாலைக்கான விளக்கு மாறியது.

"பச்சை" என்றாள் மனைவி.

வண்டி நகரவில்லை.

"பச்சை" என்றாள் மறுபடி, கொஞ்சம் பலமாக.

மைத்துனன் இரண்டு கைகளாலும் காற்றைத் தள்ளினான். காரையே உட்கார்ந்தபடி தள்ளிவிடுகிறவன் போல. பின்னால் ஹாரன்கள் ஒன்றாகக் கிளம்பின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் லைசென்ஸ் வாங்கியதிலிருந்து ஒரு சிக்னலைக்கூடத் தனியாகத் தாண்டியதில்லை. நிறத்தை இருவரும் சொல்லி முடித்த பிறகுதான் அவள் கால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும். தூக்கத்தில் வேறு எத்தனை வருடப் பழக்கம்! ஒருவர் சொல்லி மற்றவர் திருப்பிச் சொல்லாவிட்டால் அந்தக் கால் அசையாது. எஞ்சின் அறையில் எத்தனையோ பேருக்குச் சொல்லித்தந்தேன், ஒருவனும் இவ்வளவு சுத்தமாகக் கற்றுக்கொண்டதில்லை.

கேட் கீப்பர் தன் சிறிய அறையிலிருந்து ஓடி வந்தார். கக்கத்தில் சுருட்டிய கொடி.

"அம்மா, கேட் திறந்தாச்சும்மா! போங்கம்மா!"

"இருங்க. இன்னும் சொல்லல."

"என்ன சொல்லணும்?"

"பச்சைன்னு."

"அதான் நீங்களே சொல்லிட்டீங்களே!"

"நான் சொன்னா போதாதுங்க. பதில் வரணும். அவர் சொல்லணும்" என்று பின் சீட்டைக் கட்டை விரலால் காட்டினாள்.

கேட் கீப்பர் குனிந்து என்னைப் பார்த்தார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு, முடியாது என்று தலையாட்டினேன்.

"பெரியவருக்குப் பேச்சு வராதுங்களா?"

"அதெல்லாம் நல்லா வரும். இன்னிக்குத்தான் வரல" என்றாள் அவள். கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வையில் மூன்று பாத்திரம் பால் பொங்கியிருக்கும். "என்னங்க, வாயில என்ன பூட்டா? நாப்பது வண்டி நிக்குது. சொல்லித் தொலைங்களேன்!"

எப்படிச் சொல்வேன்? சொன்னால் முன் சீட்டு போகும். எனக்கு எதிரே விரிந்து வர வேண்டிய கடல் மைத்துனனுக்கு எதிரே விரியும். சொல்லாவிட்டால் வண்டி நகராது. இப்படி ஒரு தர்மசங்கடத்தில் என்னை நிறுத்தியவளே என்னைத் திட்டுகிறாள்!

கேட் கீப்பர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சுருட்டிய கொடியைக் கையில் எடுத்தார்.

"ரயில்வே வீடாம்மா?"

"ஆமாங்க. எஞ்சின் டிரைவர்."

"அட, அப்ப சரி. முதல்லயே சொல்ல வேண்டாமா?" நிமிர்ந்து நின்றார். பச்சைக் கொடியை உதறி நீட்டினார். "நீங்க சொல்லுங்கம்மா."

"பச்சை" என்றாள் என் மனைவி.

"பச்சை!" என்றார் அவர்.

வண்டி நகர்ந்தது பாருங்கள்! வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி, ஒரு குலுக்கல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. தண்டவாளத்தின் மேல் ஏறியதும் இறங்கியதும் தெரியவில்லை. அவ்வளவு அழகாக அவள் ஓட்டி நான் பார்த்ததே இல்லை.

என் காதுக்குள் ரத்தம் ஏறியது. முப்பத்தெட்டு வருடம் நான் சொல்ல அவளும், அவள் சொல்ல நானுமாக, தூக்கத்தில்கூட மூன்றாம் மனிதனை நுழைய விடாத ஒரு வார்த்தையை, கக்கத்தில் கொடி வைத்திருக்கிற முன்பின் தெரியாத ஒரு ஆள் நடு ரோட்டில் நின்று என் மனைவிக்குச் சொல்கிறான்! அவளும் வண்டியை எடுக்கிறாள்!

"நிறுத்து வண்டியை!" என்று கத்தினேன்.

ரோட்டில் இருந்த அத்தனை வண்டியும் நின்றது. எங்கள் வண்டியும் நின்றது. கேட்டுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

"யோவ்! உம்ம வேலை கேட்டை மூடறது, திறக்கறது. என் வீட்டு சிக்னல்ல நீர் எதுக்கய்யா தலையிடறீர்?"

"சார், அடுத்த ரயில் கிளம்பிடுச்சு. வழியில நிக்காதீங்க. உங்க வீட்டு சிக்னலை நீங்களே சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"நான் பந்தயத்துல இருக்கேன்யா!"

"யார்கூட?"

கையைக் காரின் பக்கம் நீட்டினேன். அங்கே என் மைத்துனன் ஜன்னல் வழியாக இடுப்பு வரைக்கும் வெளியே தொங்கிக்கொண்டு, "பேசிட்டார்! அக்கா, அத்தான் பேசிட்டார்! நான் பேசவே இல்ல!" என்று இரண்டு கைகளையும் ஆட்டி ஆடிக்கொண்டிருந்தான். குமட்டல்காரன் ஆடுகிற ஆட்டமா அது?

கலங்கரை விளக்கத்தடியில், மணலில் உட்கார்ந்து மூன்று பேரும் ஃபிளாஸ்கிலிருந்து டீ குடித்தோம். நான் தனியாக, முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தேன்.

"பேச்சுன்னா பேச்சு" என்றாள் மனைவி. "முதல்ல பேசினது நீங்க. முன் சீட்டு தம்பிக்கு."

"சரி" என்றேன்.

"சண்டை போட மாட்டீங்களா?"

"எதுக்கு? தோத்தேன். பின்னாடி உட்கார்றேன். ஆனா பந்தயம் முடிஞ்சாச்சு. இனிமே வாயை மூடிக்கணும்னு எனக்கு ஒரு சட்டமும் இல்ல."

மைத்துனன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். புத்திசாலிதான். ஆனால் நேரம் கடந்துவிட்டது.

திரும்பி வரும்போது மறுபடி அவன் தலைக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். முன் சீட்டுக்காரன் காதும் பின் சீட்டுக்காரன் வாயும் எவ்வளவு பக்கம் என்பது கார் செய்தவர்களுக்குத் தெரியும், எனக்கும் அன்றுதான் தெரிந்தது. ரயில்வே கேட்டில் பச்சை விளக்கு எரிந்தது.

"பச்சை" என்றாள் மனைவி.

"பச்சை!" என்றேன்.

மைத்துனன் சீட்டிலிருந்து ஒரு சாண் எழும்பினான். கேட் கீப்பரின் அறைக் கூரையிலிருந்த காகங்கள் அன்று போனவை இன்னும் திரும்பவில்லை என்று கேள்வி. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கடைத்தெரு சந்திப்பில் "சிவப்பு!" கொஞ்ச நேரத்தில் "பச்சை!" சிக்னல் இல்லாத இடத்திலும் எனக்குப் பொறுப்பு உண்டல்லவா? "வேகத் தடை!" "மாடு!" "இடது வளைவு!" மனைவி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் முறைத்துக்கொண்டே சொன்னேன்.

எங்கள் தெரு திரும்புமுன் மைத்துனன் வலது காதைப் பொத்திக்கொண்டான்.

"அத்தான்."

"என்ன மாப்ளே?"

"நீங்க முன்னாடி வந்துடுங்களேன்."

"அதெப்படி? ஜெயிச்சவன் முன்னாடி உட்காரணும். பேச்சுன்னா பேச்சு."

"காது கொய்ங்குதுங்க அத்தான். தீவு, காடுன்னு இப்படியே போனா, திரும்பி வந்து கடையில யார் எழுத்து வாசிச்சாலும் என் காதுல விழாது."

"உனக்குத்தான் பின்னாடி உட்கார்ந்தா குமட்டுமே?"

அவன் காதிலிருந்து கையை எடுத்தான். பிறகு, முப்பத்தெட்டு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தைகளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

"இப்பல்லாம் குமட்டறதில்ல."

"இப்பல்லாமா? எப்பவுமே குமட்டினதில்லடா!" என்று நான் கொதித்தேன். "என் கல்யாணக் கார்! மூணு அத்தைகள்! என் மாலை!"

"இடது வளைவுங்க" என்றாள் மனைவி. "முதல்ல அதைச் சொல்லுங்க."

கிளம்பும் நாள் வந்தது. வண்டியில் துணிப் பைகள், தண்ணீர் கேன், காட்டில் அட்டைக்குப் போட உப்பு, அவள் போட்ட அப்பள வட்டங்களோடு என் வரைபடம். நான் முன் சீட்டில். மைத்துனன் பின்னால் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, இது இவ்வளவு சௌகரியம் என்று தெரியாமல் போய்விட்டதே என்று புலம்பினான். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. தோற்றவனுக்குக் கால் நீட்ட இடம், வென்றவனுக்கு மடியில் தண்ணீர் கேன்.

"அத்தான், ஒண்ணு சொல்லவா?" என்றான் படுத்தபடி. "ரயில்வே கேட்டைத் தாண்டிட்டா அந்த ரூட்டுல ஒரு சிக்னல்கூடக் கிடையாது. கடல், படகு, காடு, அவ்வளவுதான். நீங்க எதைச் சொல்லப் போறீங்க?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சாவியைத் திருகினாள். எங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே தெரு காலியாகக் கிடந்தது. விளக்குக் கம்பம் இல்லை, கொடி பிடித்த ஆள் இல்லை. அவள் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு, எதிரே பார்த்து, "பச்சை" என்றாள்.

நான் அவசரப்படவில்லை. அன்று ரயில்வே கேட்டில் வேறு ஆள் சொன்ன பதிலுக்கு வண்டியை எடுத்ததற்கு ஒரு நிமிடமாவது அவள் காத்திருக்கட்டும் என்று இருந்தேன். தொண்டையைச் செருமினேன். மூச்சை இழுத்தேன்.

"பச்சை" என்று பின் சீட்டிலிருந்து ஒரு கொட்டாவி கேட்டது.

வண்டி நகர்ந்துவிட்டது!

"யாருடா உன்னைக் கேட்டது?" என்று திரும்பி நான் போட்ட கூச்சலில், முதல் கடற்கரை எப்போது எதிரே வந்து நின்றது என்றே தெரியவில்லை.